ஒற்றியூர் எல்லை
(ஆடிச் சுவாதி - சுந்தரமூர்த்தி சுவாமிகள் குருபூசை உரை)



எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவடிகளைச் சிந்தித்து, எமது ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் அம்பிகையின் அனுமதியோடு இன்றைய குருபூசைத் தினத்திலே சில வார்த்தைகள் பேச முன்வந்திருக்கின்றோம். எமக்குத் தொழில் கணக்கு. சித்தாந்தம் முறையாகக் கற்றவர்கள் இச்சபையிலே இருக்கிறார்கள். பிழை கண்டால் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற வாரம் ஆடி அமாவாசை. தந்தையை இழந்தவர்கள் விரதமிருந்து மோட்ச அர்ச்சனை செய்விக்க வந்திருந்தார்கள். பற்றுச்சீட்டு எழுதும் மேசையில் நாம் இருந்தோம். தகப்பனார் பெயர், நட்சத்திரம், காலமான திதி: இந்த மூன்றையுந்தான் நாம் கேட்க வேண்டும். ஆனால் அன்று வரிசையில் நின்ற ஒரு பெரியவர், மூன்றையும் சொல்லிவிட்டுக் காசையும் வைத்துவிட்டு, நாம் கேளாமலே ஒன்று சொன்னார். "நான் போகேல்லை, தம்பி. அந்த நேரம் எனக்குப் போக ஏலாமற் போச்சு." பின்னால் நின்ற அம்மா ஒருவரும் அதையே வேறு சொற்களிற் சொன்னார். அதற்குப் பின்னால் நின்ற இளைஞரும் சொன்னார். பற்றுச்சீட்டில் அதை எழுதுவதற்கு இடமில்லை. ஆனாலும் அவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சொல் ஒரு கிழமையாக எமது மனதைவிட்டு நீங்கவில்லை. ஆகையால் சுந்தரருடைய வரலாற்றில் எல்லோரும் அறிந்த கல்யாணக் கதையையும் வெள்ளை யானையையும் சுருக்கிக்கொண்டு, அவர் ஒரு ஊரின் எல்லையைத் தாண்டியபோது நடந்ததைப் பற்றி இன்று பேசலாமென்று எண்ணினோம்.

சுந்தரருடைய வாழ்வு தொடங்குவதே ஒரு பத்திரத்திலே. புத்தூரில் மணப்பந்தலில் இருந்தவரை ஒரு முதிய அந்தணர் வந்து மறித்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். முதியவர் கலங்கவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். சபை கூடுகிறது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடப்படுகிறது. தீர்ப்பு முதியவருக்குச் சார்பாகிறது. படிக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்று இந்தச் சபையில் இருக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தவர்கள் நாம்.

பிறகு சபையோர் முதியவரிடம், இது உமது ஊரானால் உமது வீட்டைக் காட்டும் என்று கேட்கிறார்கள். அவர் நேரே திருவருட்டுறைக் கோயிலுக்குள்ளே போகிறார். போனவர் திரும்பவில்லை. அப்போதுதான் வந்தவர் யாரென்று சுந்தரர் உணர்கிறார். முகவரி கேட்டபோது இறைவன் காட்டியது கோயிலை. அந்நிய நாட்டிலே வாடகை அறை மாறி மாறி இருந்த காலத்தில், கடிதம் வருவதற்கு ஒரு நிலையான முகவரியாக எமது சங்கத்தின் முகவரியைக் கொடுத்தவர்கள் சிலர் இப்போது புன்னகைப்பது எமக்குத் தெரிகிறது.

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். திருவாரூரிலே பரவையாரோடு வாழ்ந்த சுந்தரர், தலயாத்திரையாக வடக்கே வந்து ஒற்றியூரிலே சங்கிலியாரைக் கண்டு மணம் முடிக்க விரும்புகிறார். இறைவனே தூதாகச் சங்கிலியாரின் கனவிலே போகிறார். சங்கிலியார் கெட்டிக்காரி. ஆரூரில் அவருக்கு ஒரு வாழ்வு இருப்பது தெரிந்தவர். என்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தரட்டும் என்கிறார்.

சுந்தரர் என்ன செய்கிறார்? இறைவனிடம் தனியாகப் போய், நான் சந்நிதியிலே சத்தியம் செய்யும் வேளையில் தேவரீர் கருவறையை விட்டு வெளியே மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று கேட்கிறார். ஆளில்லாத சந்நிதியிலே செய்த சத்தியம் செல்லாதல்லவா! எமது தொழிலில் இப்படிச் சிறிய எழுத்தில் விலக்குத் தேடுபவர்களை நாம் நாளாந்தம் காண்கிறோம். இறைவன் சரி என்கிறார். ஆனால் சங்கிலியாரின் கனவிலே போய், சந்நிதி வேண்டாம், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் சுந்தரர் அகப்பட்டுக்கொள்கிறார். மரத்தை வலம் வந்து, பிரியேன் என்று சத்தியம் செய்கிறார்.

இந்த ஊரின் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். ஒற்றி என்றால் அடைமானம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் எழுத்தில் வைத்தார்கள். அதிலே ஒற்றி தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பணம் கொடுத்தவர் காணியைத் தன் கையில் வைத்துக்கொள்வார். வட்டி என்று எதுவும் வாங்கமாட்டார். காணியின் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார். எத்தனை வருடம் விளைச்சலை எடுத்தாலும் மூலம் குறையாது. சொந்தக்காரர் முதலைக் கொடுத்து மீட்டால் மட்டுமே காணி திரும்பும்.

எமது நிலையைக் கணக்குப் பதிவாக எழுதச் சொன்னால், கடன் என்று எழுதமாட்டோம், விற்பனை என்றும் எழுதமாட்டோம். ஒற்றி என்றே எழுதுவோம். இந்த நாடு எமக்கு உயிரைத் தந்தது. அதை நன்றியோடு சொல்லுகின்றோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தந்தது, சுகவீனம் வந்தால் வைத்தியசாலை தந்தது. அதற்குப் பதிலாக எமது விளைச்சலை எடுத்துக்கொண்டது. இருபத்தெட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரையுள்ள பகல்கள் அந்த விளைச்சல். இரவு வேலை செய்தவர்களுக்கு இரவுகளும் அதற்குள் அடக்கம். மூலம் அப்படியே நிற்கிறது.

ஒப்பந்தம் நாட்டுக்கு நாடு வேறு. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களுக்கு வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. முப்பது வருடம் உழைத்தாலும் அங்கே பிறந்த பிள்ளைக்குக்கூடப் பிறப்பினால் அந்த நாடு சொந்தமில்லை. ஜேர்மனிக்குப் போன எமது உறவுகள், வழக்கு முடியும்வரை தங்களுக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது என்ற சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் இருந்தார்கள். பக்கத்து நகரத்திலே சகோதரி இருப்பாள், இடையிலே எல்லைக்கோடு இருக்கும். அந்த நாட்டிலேதான் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாளுக்கு 2002ஆம் ஆண்டு பெரிய ஆலயம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. இன்று ஐரோப்பா முழுவதிலுமிருந்து தேருக்குச் சனம் வருகிறது. அங்கே வடம் பிடிப்பவர்களில் ஒருகாலத்தில் அடுத்த மாவட்டத்துக்குப் போக அனுமதி கேட்டு நின்றவர்களும் இருப்பார்கள்.

நோர்வேயின் வடகோடியிலே, வர்டோ, போட்ஸ்பியூர்ட் போன்ற மீன்பிடி ஊர்களிலே மீன் வெட்டும் தொழிற்சாலைகளுக்குப் போன எம்மவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் கடைசிப் பகுதியிலிருந்து சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. தைப்பொங்கல் வருவது ஜனவரி நடுப்பகுதியில். அன்றும் அங்கே சூரியன் எழாது. சூரியனுக்குப் பொங்கிப் படைக்கும் நாளிலே சூரியன் இல்லாத ஊர்! இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. எமக்குச் சிரிப்பு வரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து, ஊரிலே இப்போது விடிந்திருக்கும் என்று கணித்துப் பானையை அடுப்பில் ஏற்றும் ஒரு தாயை நாம் நினைத்துப் பார்க்கின்றோம். அவளுடைய பொங்கலைச் சூரிய பகவான் ஏற்காமல் விடுவாரா?

சுந்தரருக்கு வருவோம். வசந்த காலம் வந்தது. தென்றல் வீசியது. திருவாரூரிலே வசந்த விழா நடக்கும் காலம், பரவையார் பாடி ஆடும் காலம் என்று சுந்தரருக்கு நினைவு வந்தது. அவருக்கு ஒற்றியூரில் என்ன குறை? அன்பான மனைவி உண்டு, அடியார் கூட்டம் உண்டு, கோயில் உண்டு. ஆரூரிலே தியாகராசர் என்றால், ஒற்றியூரிலும் தியாகராசப் பெருமான் எழுந்தருளியிருக்கிறார். அதே பெருமான், அதே திருநாமம். ஆயினும் மனம் அங்கே போயிற்று.

இந்த இடத்தில் நாம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமயச் சொற்பொழிவாளர்கள் பலர் எங்களுக்கு ஆறுதலாகச் சொல்வது, கடவுள் எங்கும் இருக்கிறார், ஆகையால் ஊரை நினைத்து வருந்தாதீர்கள் என்பது. அது உண்மை. ஆனால் அதைச் சுந்தரரைவிட நன்றாக அறிந்தவர் யார்? இறைவனைத் தோழனாகவே கொண்டவர் அவர். அவரே ஆரூரை நினைத்து ஏங்கினார். ஏங்கியதற்காக இறைவன் அவரைக் கோபிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தண்டனை கிடைத்தது ஏக்கத்துக்கு அல்ல, சத்தியத்தை மீறியதற்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எம்மைப் போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

ஒற்றியூர் எல்லையைத் தாண்டி அடி வைத்ததும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் மறைந்தன.

அகதியாக வந்தவர்கள் இந்த வரியைப் படிக்கும்போது வேறொன்று படிக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு மகிழ மரத்தடிச் சத்தியம் உண்டு. ஊருக்குப் போனால் எனக்கு ஆபத்து என்று சொல்லித்தான் இங்கே அடைக்கலம் வாங்கினோம். அது உண்மையாகவும் இருந்தது. கையிலே தந்த பிரயாணப் பத்திரத்திலே எல்லா நாடுகளுக்கும் போகலாம், உன் சொந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது என்று இருக்கும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும், ஒருவர் தானாக விரும்பித் தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டால் அகதி என்ற நிலை முடிவுறும் என்றே சொல்கிறது. எல்லையைத் தாண்டினால் கண் போகும். தாண்டாவிட்டால் ஆரூர் போகும்.

எமது தந்தையார் 2012ஆம் ஆண்டு ஊரிலே காலமானார். அப்போது எமது வழக்கு முடியவில்லை. பிரயாணப் பத்திரம்கூட இல்லை. மூத்த மகன் நாமே. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனதும் அவரே. அன்று நாம் ஒரு கடையின் பின் அறையிலே நின்று இருப்புக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். பயறு எத்தனை மூடை, அரிசி எத்தனை மூடை என்று எண்ணினோம். கணக்குச் சரியாகவே வந்தது. அது எமக்கு இன்றும் வியப்பு. மேசையடியிலே அந்தப் பெரியவர், நான் போகேல்லை என்று சொன்னபோது, நாமும் போகவில்லை என்று சொல்ல வாய் வந்தது. பின்னால் வரிசை நீளமாக நின்றதால் பற்றுச்சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தோம்.

கண்ணிழந்த சுந்தரர் திரும்பி ஒற்றியூருக்குப் போகவில்லை. முன்னே நடந்தார். வழியில் திருவெண்பாக்கத்திலே, கோயிலுக்குள் இருக்கின்றீரோ என்று இறைவனைப் பார்த்துக் கேட்டார். தோழனிடம் கேட்கும் கேள்வி, கோபமும் கலந்தது. இறைவன் இருக்கிறேன் என்று பதில் சொல்லி, ஓர் ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பினார். கண்ணைக் கொடுக்கவில்லை. கோலைத்தான் கொடுத்தார். அந்தப் பழைய வெண்பாக்கத்துக் கோயில் இன்று அந்த இடத்தில் இல்லை. சென்னைக்குக் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய இடம் தண்ணீருக்குள் போய், இறைவனை வேறிடத்திலே பிரதிட்டை செய்தார்கள். ஊன்றுகோல் கொடுத்த பெருமானும் இடம்பெயர்ந்தவர்தான்.

எமது ஆலயங்களை நாம் அந்த ஊன்றுகோலாகவே பார்க்கின்றோம். அது கண் அல்ல. இங்கே வெள்ளிக்கிழமை மணியோசை கேட்டால் ஊர் திரும்பி வந்துவிடாது. ஆனால் தடுமாறாமல் அடுத்த அடி வைக்கலாம். அதற்கு மேலே அதனிடம் எதிர்பார்த்தால் நிர்வாக சபைக் கூட்டங்களிலே ஏன் சண்டை வருகிறது என்பதும் விளங்கும். ஊரிலே இழந்த மரியாதை முழுவதையும் ஒரு சிறு தலைவர் பதவியிலே தேடினால் அந்தப் பதவி தாங்குமா? (பொருளாளர் பதவியும் தாங்காது என்பதை அனுபவத்தாற் சொல்கிறோம்.)

கோல் எவ்வளவு காலம் நிற்கும் என்ற கவலையும் எமக்கு உண்டு. சீனாவிலே சுவான்சூ என்ற துறைமுக நகரத்தில் எமது வணிகர்கள் ஒரு சிவாலயம் கட்டினார்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1281ஆம் ஆண்டுக்குரியது. நந்தியும் லிங்கமும் செதுக்கிய கற்கள் இன்று அருங்காட்சியகத்திலே இருக்கின்றன. சில தூண்கள் அங்குள்ள பௌத்த ஆலயத்திலே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கட்டியவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கே? அவர்கள் சீனராகவே ஆகியிருக்கலாம், கப்பலேறித் திரும்பியிருக்கலாம். கல்லிலே தமிழ் நிற்கிறது, வாசிக்க ஊரிலே ஆளில்லை. எமது ஆலயத்திலே சமயபாட வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாகனத்துக்குள்ளே இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, உங்களைத்தான் பார்த்துச் சொல்கிறோம், உள்ளே வாருங்கள். பிள்ளைகள் ஆசிரியரிடம் கற்பதைவிட உங்கள் முகத்திலே அதிகம் கற்பார்கள்.

பிறகு காஞ்சியிலே சுந்தரருக்கு இடக்கண் கிடைத்தது. திருவாரூருக்குப் போனபின் வலக்கண்ணும் கிடைத்தது. பலர் கதையை இங்கே நிறுத்தி அரகர என்று முடித்துவிடுவார்கள். எமக்கு அதற்குப் பின்னால் வருவதுதான் முக்கியம். ஆரூரிலே பரவையார் கதவைத் திறக்கவில்லை. சங்கிலியாரைப் பற்றிய செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. நீ இல்லாமலே நான் இருக்கப் பழகிவிட்டேன் என்று நிற்கும் கதவு அது. கண் வந்தது, ஊர் வந்தது, வீடு திறக்கவில்லை. நள்ளிரவிலே இறைவன் தூது போகிறார். ஒருமுறை போய்த் தோற்றுத் திரும்புகிறார். இரண்டாம் முறை போய்த்தான் கதவு திறக்கிறது.

எமக்குக் குடியுரிமை கிடைத்து, 2023ஆம் ஆண்டு பதினாறு வருடங்களுக்குப் பிறகு வடமராட்சியிலுள்ள எமது வீட்டு வாசலிலே போய் நின்றோம். கதவு திறந்தே இருந்தது. அம்மா வந்தார். கட்டிப்பிடித்து அழுதார். எல்லாம் நாம் நினைத்தபடியே நடந்தது. பிறகு உள்ளே அழைத்துக் கதிரையில் இருத்தி, விருந்தாளிக்குக் கொடுக்கும் கண்ணாடிக் குவளையிலே, கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை வார்த்துத் தந்தார். "கிணத்துத் தண்ணி இப்ப உனக்கு ஒத்துவராது, தம்பி." அந்தக் கிணற்றிலே துலா மிதித்து வளர்ந்த உடம்பு இது. நாம் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம். பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் நின்று கேட்டது, "எப்ப வந்தனி? எப்ப போறாய்?" இரண்டும் ஒரே மூச்சில். அவர் மீது குற்றமில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் போவதற்கென்றே வருகிறவர்கள் என்று அவர் கண்டிருக்கிறார்.

தந்தையாருக்காகக் கீரிமலைக்குப் போனோம். பதினொரு வருடம் பிந்திய பிண்டம். குருக்களிடம், இதற்குப் பலன் உண்டோ என்று கேட்டோம். அவர் எமது முகத்தைப் பார்த்து, முதலிலே தீர்த்தமாடிவிட்டு வாருங்கோ என்றார். அவ்வளவுதான். கேணியிலே இறங்கியபோது தண்ணீர் நாம் நினைத்ததைவிடக் குளிராக இருந்தது. பக்கத்திலே ஒருவர் எம்மைப் போலவே வேட்டியைக் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு நின்றார். எந்த நாடு என்று கேட்டோம். "கனடா. நீங்கள்?" என்றார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. இருவரும் ஒரே நேரத்திலே மூழ்கினோம்.

திரும்பி வரும் நாளுக்கு முதல்நாள் இரவு, நாமே துலாவுக்குப் பதிலாக இப்போது பூட்டியிருக்கும் மோட்டரை விட்டுவிட்டு, வாளியைக் கயிற்றிலே இறக்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தோம். அம்மா குசினி வாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாமென்று சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "எனக்கும் கொஞ்சம் தா" என்றார். தூது இரண்டாம் முறை போனது அப்போதுதான் என்று நாம் நினைக்கின்றோம்.

சுந்தரர் திருக்கயிலைக்குப் புறப்பட்டது ஆரூரிலிருந்து அல்ல, ஒற்றியூரிலிருந்தும் அல்ல, பிறந்த திருநாவலூரிலிருந்தும் அல்ல. நண்பர் சேரமான் பெருமாளின் மலைநாட்டிலே, திருவஞ்சைக்களத்திலிருந்து. இன்னொருவருடைய நாட்டிலே, நண்பரைப் பார்க்கப் போன இடத்திலே, இதே ஆடிச் சுவாதியிலே யானை வந்தது.

பூசை முடிந்ததும் மகேசுர பூசை நடைபெறும். அமாவாசையன்று வரிசையிலே நின்ற அந்தப் பெரியவரும் இன்று வந்திருக்கிறார், தூணடியில் இருப்பதைக் காண்கின்றோம். ஐயா, அன்று நாம் பதில் சொல்லாமல் விட்டுவிட்டோம். சாப்பாட்டுப் பந்தியிலே உங்களுக்குப் பக்கத்திலே எமக்கு ஓர் இடம் வைத்திருங்கள்.

திருச்சிற்றம்பலம்.